கேள்வி பதில்: இங்கிலாந்தின் முடி யாருக்குச் சேரும்?

இங்கிலாந்து அரச குடும்பத்தைப் பற்றி இந்த முறை கேள்விகள் குவிந்துவிட்டன. மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பக்கம் முழுவதையும் இவற்றுக்கே கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: சார்ள்ஸ் உண்மையான மன்னர் இல்லை, உண்மையான வாரிசின் குடும்பம் அவுஸ்திரேலியாவில் இருக்கிறது என்று ஒரு வீடியோ பார்த்தேன். உயர்தரத்தில் வரலாறு படிக்கிறேன். நம்பலாமா? (மாணவி, ஹட்டன்)

பதில்: குடும்பம் இருப்பது உண்மை தங்கச்சி, ஆனால் வீடியோ சொல்லும் முடிவு தவறு. 2004இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்த ஓர் ஆவணப்படம்தான் இந்தக் கதையைப் பரப்பியது. இங்கிலாந்து மன்னராக இருந்த நான்காம் எட்வேர்ட் 1442 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் பிறந்தவர்; அவர் கருவான நாட்களில் தகப்பன் யோர்க் கோமகன் போர்முனையில் இருந்தார், ஆகவே எட்வேர்ட் அவருக்குப் பிறந்த பிள்ளை இல்லை, முடி தம்பி கிளாரன்ஸ் கோமகனின் வழிக்குப் போயிருக்க வேண்டும் என்பது வாதம். அந்த வழியைப் பிடித்துக்கொண்டே வந்தால் நியூ சவுத் வேல்ஸில் ஜெரில்டெரி என்ற சின்ன ஊரில் வாழ்ந்து 2012இல் காலமான லௌடன் பிரபு மைக்கேல் அப்னி-ஹேஸ்டிங்ஸிடம் வந்து நிற்கும்.

தகப்பன் தன் பிள்ளை என்று ஏற்று வளர்த்தவரை, 500 வருடம் கழித்து நாள் கணக்குப் பார்த்து இல்லை என்று சொல்ல எந்தச் சட்டம் இடம் கொடுக்கும்? அதோடு, கிளாரன்ஸ் 1478இல் ராஜதுரோகி என்று கொல்லப்பட்டபோது அவர் பிள்ளைகளின் உரிமையும் சேர்ந்தே போய்விட்டது. அப்புறம் 1485இல் பொஸ்வேர்த் களத்தில் வென்று வந்த ஏழாம் ஹென்றிக்குச் சொந்த இரத்த உரிமை மிகவும் மெலிந்ததுதான், ஆனால் பாராளுமன்றம் அதைப் பற்றி வாதாடவே இல்லை, முடி இவரிடமும் இவர் சந்ததியிடமும் இருக்கும் என்று ஒரே சட்டத்தில் சொல்லிவிட்டது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்கும் உதவும்: இங்கிலாந்தில் முடியைக் கொடுப்பது இரத்தம் மட்டும் இல்லை. பாராளுமன்றம் ஒரு குடும்பத்தைக் காட்டுகிறது, அதற்குப் பிறகுதான் அந்தக் குடும்பத்துக்குள் இரத்தக் கணக்கு.

அந்த மைக்கேலின் மகன், இன்றைய லௌடன் பிரபு, 2023 மே 6 முடிசூட்டு விழாவில் சார்ள்ஸுக்கு உரிய, குதிரைவீரர் குதிகாலில் கட்டும் தங்கக் குதிமுட்களைச் சுமந்து வந்தவர்களில் ஒருவர். அவர் முடிக்குப் போட்டியாக வரவில்லை, பரம்பரையாகத் தன் குடும்பத்துக்குள்ள சடங்கு உரிமையைச் செய்ய வந்தார்.

கேள்வி: ஸ்டுவர்ட் வம்சத்தின் நேர்வழி வாரிசு ஜேர்மனியில் இருக்கிறாராமே. அந்த வம்சத்தை விலக்கியது மதத்துக்காகவா? (வாசகர், பண்டாரவளை)

பதில்: ஆமாம் ஐயா, மதத்துக்காகத்தான், இதில் மழுப்ப ஒன்றும் இல்லை. ஸ்டுவர்ட் மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் கத்தோலிக்கர். அவருடைய மகள்மார் மேரியும் ஆனும் புரட்டஸ்தாந்துக்காரர்கள் என்பதால், இவர் காலம் முடிந்தால் சரியாகிவிடும் என்று நாடு பொறுத்துக்கொண்டிருந்தது. 1688 ஜூன் 10இல் அரசிக்கு ஆண் குழந்தை பிறந்தது, பொறுமை அதோடு போயிற்று. பிரசவ அறை நிறைய ஆட்கள் நின்றிருந்தும், அது அரசியின் பிள்ளையே இல்லை, படுக்கையைச் சூடாக்கத் தணல் போடும் மூடிபோட்ட சட்டி ஒன்றுக்குள் யாரோ பெற்ற குழந்தையை ஒளித்துக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள். நீண்ட கைப்பிடி வைத்த சின்னச் சட்டி அது. ஒரு பச்சைப் பிள்ளை அதற்குள் எப்படி அடங்கும் என்று கேட்க, நம்ப ஆசைப்பட்ட எவருக்கும் மனம் வரவில்லை. நவம்பரில் மேரியின் கணவர் வில்லியம் ஒல்லாந்திலிருந்து படையோடு வந்து இறங்கினார், ஜேம்ஸ் பிரான்சுக்கு ஓடினார், ஓடியவர் முடியைத் துறந்துவிட்டார் என்று பாராளுமன்றம் முடிவு கட்டியது.

1700இல் ஆனுக்கு மிஞ்சியிருந்த ஒரே மகன் 11 வயதில் இறந்துபோனான். அடுத்த வருடமே முடியுரிமைச் சட்டம் வந்தது: முடி முதலாம் ஜேம்ஸின் பேத்தி ஹனோவர் சோபியாவுக்கும் அவருடைய புரட்டஸ்தாந்துச் சந்ததிக்கும், கத்தோலிக்கருக்கும் கத்தோலிக்கரை மணந்தவருக்கும் கிடையாது. 1714இல், அப்போது அரசியாக இருந்த ஆன் இறந்தபோது சோபியாவும் சில வாரங்களுக்கு முன் போய்விட்டிருந்தார். இரத்தத்தில் அதிக நெருக்கமான 50க்கும் மேற்பட்ட கத்தோலிக்கரைத் தாண்டி சோபியாவின் மகன் ஜோர்ஜ் 54 வயதில் அரியணை ஏறினார். முடியுரிமையை மாற்றப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று எழுதுவதே ராஜதுரோகம் என்று 1707இலேயே சட்டம் போட்டு வைத்திருந்தார்கள்.

சட்டியில் வந்ததாகச் சொன்ன அந்தக் குழந்தைக்காக 1715இல் கிளர்ச்சி நடந்தது. அவர் மகன் சார்ள்ஸ் எட்வேர்ட் 1745இல் ஸ்கொட்லாந்தில் இறங்கி, இங்கிலாந்துக்குள் டார்பி வரை வந்து திரும்பி, 1746 ஏப்ரல் 16இல் கலொடனில் முறிந்துபோனார். தம்பி ஹென்றி கர்தினால், பிள்ளைகுட்டி இல்லை. கடைசிக் காலத்தில் சொத்தை இழந்து நின்ற அவருக்கு மூன்றாம் ஜோர்ஜ் மன்னரே வருடம் 4,000 பவுண் கொடுத்தார். 1807இல் அவர் இறந்த பிறகு உரிமை சவோய், மொடேனா குடும்பங்கள் வழியாகப் போய், 1933இல் பிறந்த பவேரியாவின் பிரான்ஸ் கோமகனிடம் சேர்ந்தது. நீங்கள் கேள்விப்பட்டவர் இவர்தான். சிறு வயதில் நாட்சிகளின் வதைமுகாம்களில் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்தவர், இங்கிலாந்தின் முடியை ஒருபோதும் கேட்டதில்லை.

என்னைக் கேட்டால் 1701 விலக்கு அநியாயம். கத்தோலிக்கப் பெண்ணை மணந்ததற்காக 1978இல் வரிசையில் இடமிழந்த கென்ட் இளவரசர் மைக்கேலுக்கு அது 2015இல்தான் திரும்பக் கிடைத்தது. ஆனால் கத்தோலிக்கர் ஒருவர் முடிசூட முடியாது என்ற விதி இன்னும் அப்படியே நிற்கிறது. அநியாயமான சட்டமும் சட்டம்தான் என்பதால் ஸ்டுவர்ட் வழியின் உரிமை செல்லாது, அவ்வளவுதான்.

கேள்வி: இப்போது அக்காவுக்குப் பிறகுதான் தம்பியாமே? (வாசகி, தலவாக்கலை)

பதில்: ஆமாம். 2011 ஒக்டோபர் 28க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ஆண், பெண் வித்தியாசம் இல்லை. 2013இல் சட்டமாகி, அன்று ஒரே முடியைப் பொதுவாகக் கொண்டிருந்த 16 நாடுகளும் ஒத்துக்கொண்ட பிறகு 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதனால்தான் தம்பி லூயி பிறந்தும் சார்ள்ஸ் மன்னரின் பேத்தி சார்லட் தன் இடத்தில் இருக்கிறாள். எலிசபெத் அரசியானதுகூட அவருக்கு ஆண் சகோதரம் இல்லாததால்தான், ஒரு தம்பி பிறந்திருந்தால் அவனுக்குத்தான் முடி போயிருக்கும். இவ்வளவு தாமதமாக வந்தாலும் இது நல்ல மாற்றம், மனதார வரவேற்கிறேன்.

கேள்வி: அன்ட்ரூவின் இளவரசர் பட்டத்தை 2025இல் எடுத்தார்களே, வரிசையிலிருந்தும் போய்விட்டாரா? (வாசகர், மஸ்கெலியா)

பதில்: பட்டம் போனதால் வரிசையில் உள்ள எட்டாவது இடம் போகவில்லை. பட்டம் மன்னர் கையில், வரிசை சட்டத்தின் கையில்.

கேள்வி: எங்கள் கண்டியின் கடைசி மன்னர் ஶ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் வாரிசு ஒருவர் இன்று வந்து உரிமை கேட்டால்? (வாசகர், மாத்தளை)

பதில்: நல்ல கேள்வி, நானும் நீண்ட காலமாக எழுத நினைத்திருந்த விஷயம். 1815 மார்ச் 2இல், தலதா மாளிகைக்கு அருகில் இன்றும் மரத்தூண்களோடு நிற்கும் மகுல் மடுவவில், பிரித்தானியக் கவர்னர் பிரவுன்றிக் நடத்திய கூட்டத்தில் வாசித்த உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். மன்னர் அங்கே இல்லை, பெப்ரவரி 18இலேயே பிடிபட்டுவிட்டார். இரண்டாம் பிரிவு அவரைப் பதவி நீக்குகிறது, அதோடு நிற்காமல் முன்னோர், பின்னோர், பக்கவழி உறவு, இரத்த உறவு, மண உறவு என்று ஒருவர் விடாமல் அவருடைய குடும்பத்தாரை என்றென்றைக்கும் சிம்மாசனத்திலிருந்து விலக்குகிறது. மூன்றாம் பிரிவு இன்னும் கொடியது. மன்னரின் ஆண் உறவினர்கள், உறவினர் என்று சொல்லிக்கொள்பவர்கள்கூட, எதிரிகள். எழுத்து மூல அனுமதி இல்லாமல் கண்டி நாட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. முன்பே வெளியேற்றப்பட்டிருந்த தமிழ் ஆண்களும் அனுமதியின்றித் திரும்பி வரக்கூடாது. ஸ்டுவர்ட் குடும்பத்தை ஒரு தாளால் விலக்கிய அதே கைப்பழக்கம்தான் இது. ஆனால் அங்கே தங்கள் மன்னரைத் தங்கள் பாராளுமன்றம் விலக்கியது, இங்கே பிரதானிகளின் கையொப்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்நியர் விலக்கினார்கள். பத்துப் பதினைந்து வருடம் போவதற்குள் அதே ஆட்சிக்கு அதே மலையில் கோப்பி நட ஆள் தேவைப்பட்டது, யாரை உள்ளே விடக்கூடாது என்று எழுதினார்களோ அவர்களுடைய மொழி பேசும் ஆண்களையும் பெண்களையும் கூட்டி வந்தார்கள். 2023இல் மலையகம் 200 என்று நாம் நினைவுகூர்ந்தது அந்த வருகையைத்தான்.

கண்டியிலும் இரத்தம் மட்டும் போதாது. 1739இல் நரேந்திரசிங்கன் இறந்தபோது கண்டிப் பெண்ணிடம் பிறந்த மகன் உனம்புவே பண்டாரம் இருந்தும், அரசியின் சகோதரரான தென்னிந்திய நாயக்க வம்சத்தவரைத்தான் பிரதானிகள் ஏற்றார்கள். 1798இல் விக்கிரம ராஜசிங்கனைக் கொண்டுவந்ததும் பிலிமத்தலாவை அதிகாரம் என்ற முதன்மை அமைச்சர்தான். அப்படியிருந்தும் வம்சப் பெயருக்கு மக்களிடம் எவ்வளவு பலம் இருந்தது என்றால், 1817, 1818 ஊவாக் கிளர்ச்சியில் வில்பாவே என்பவர் நான்தான் துரைசாமி, ராஜாவின் உறவு என்று சொன்னதற்கே ஜனம் திரண்டது. மன்னர் 1832இல் வேலூரில் இறந்தார். 1972க்குப் பிறகு இது குடியரசு, ஆகவே யார் வந்து கேட்டாலும் கொடுக்க முடி இல்லை. பொருளாகப் பார்த்தால் 1934இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய முடியும் சிம்மாசனமும் கொழும்பு நூதனசாலைக்குப் போனால் பார்க்கலாம்.

கேள்வி: 1954இல் எலிசபெத் கண்டிக்கு வந்தபோது எங்கள் அப்பாயி பார்க்கப் போனாராம். அவர் எங்களுக்கும் ராணியா? (வாசகி, நுவரெலியா)

பதில்: சட்டப்படி ஆமாம். 1952 முதல் 1972 மே 22 வரை அவர் இலங்கையின் அரசி, அந்த முடி அவருக்கு வந்ததும் மேலே சொன்ன 1701 சட்டத்தின் வழியாகத்தான். ஆனால் உங்கள் அப்பாயி அன்றைக்குப் பெரும்பாலும் எந்த நாட்டின் பிரஜையாகவும் இருந்திருக்க மாட்டார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு. தாய்வழி கணக்கில் இல்லை. தோட்டத்தில் பிறந்தவர்களிடம் இந்தக் கடதாசி எங்கே இருக்கும்? ஒரு பெண் தகப்பன்வழியில் ஒரு நாட்டின் முடியையே பெற்றுக்கொண்டு வந்து நின்ற அதே நாட்டில், தகப்பனின் பிறப்பைக் காட்ட முடியாத நம் பெண்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்களாக நின்றார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கு முழுமையாகத் தீர்வு கொடுத்த சட்டம் 2003இல்தான் வந்தது.

அப்பாயி அன்றைய பயணத்தைப் பற்றிச் சொன்னது எதுவாக இருந்தாலும், எந்தத் தோட்டம், யாரோடு போனார், எங்கே நின்று பார்த்தார் என்று எழுதி அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.