ஆக்ஸானுக்குள் (நியூரானின், அதாவது நரம்பு செல்லின், நீண்ட இழை) சரக்குப் போக்குவரத்து: உங்கள் கேள்விகள்

கே: முதுகுத்தண்டில் உருவாகும் பொருள் கால்விரல் போய்ச்சேர எத்தனை நாள்?

ப: எந்தப் பொருள் என்று எழுதவில்லையே! வெசிக்கிள் (செல்லுக்குள் சரக்கு ஏற்றிப்போகும் குட்டிப் பை) என்றால் ஒரு நாளைக்கு 400 மில்லிமீட்டர் வரை போகும். ஒரு மீட்டர் ஆக்ஸானுக்கு மூன்று நாள் போதும். டியூபுலின் மாதிரிப் புரதம் என்றால் நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், வருடக்கணக்காகும். சரக்கின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கே: கைனசின், டைனீன், எது எந்தத் திசையில் போகும்?

ப: இரண்டும் மைக்ரோடியூபூல் என்ற குழாய்த் தடத்தின்மேல் சரக்கை இழுக்கும் மோட்டார் புரதங்கள். ஆக்ஸானில் கைனசின் நுனிக்கு, டைனீன் செல் உடலுக்கு. டென்ட்ரைட்டில் (நியூரானின் சிக்னல் வாங்கும் கிளை) மைக்ரோடியூபூல்கள் இரு திசையிலும் கலந்து கிடக்கும். இந்த விதியை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

கே: ஆக்ஸானில் மைட்டோகாண்ட்ரியா ஓயாமல் ஓடுகிறதாமே? வீடியோவில் பார்த்தேன்.

ப: அந்த வீடியோவா! காலி ரோட்டில் மூட்டை தூக்குபவர் மாதிரி கைனசின் ஒரு வெசிக்கிளைச் சுமந்து ஒய்யாரமாக நடக்கும்; அதைப் பார்த்துவிட்டு மாதம் நாலு பேராவது இதையே எழுதிக் கேட்கிறார்கள். வளர்ப்புத் தட்டில் உள்ள ஒரு நியூரானைப் பத்து நிமிடம் படம்பிடியுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஆக்ஸானை மட்டும் ஒரு கீற்றாக வெட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். நகர்வது சாய்கோடாக விழும், நிற்பது செங்குத்தாக இறங்கும். முதிர்ந்த நியூரானில் பெரும்பாலானவை செங்குத்துக் கோடுகள்தான். நிற்பதுதான் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேலையே. சினாப்ஸ் (அடுத்த செல்லுக்குச் சேதி கைமாறும் சந்திப்பு) மும்முரமாக இயங்கும் இடத்தில் கால்சியம் ஏறும். மைட்டோகாண்ட்ரியாவின் மேலிருக்கும் மிரோ புரதம் அதைப் பிடித்ததும் ஓட்டம் நிற்கும். அப்புறம் சின்டாஃபிலின் என்ற இன்னொரு புரதம் மைட்டோகாண்ட்ரியாவை மைக்ரோடியூபூலோடு கட்டிப்போடும். மைட்டோகாண்ட்ரியா தயாரிக்கும் ஏடிபி என்ற எரிபொருள் தேவைப்படும் இடத்திலேயே வண்டி நிற்கிறது, அவ்வளவுதான். வெசிக்கிளை வைத்து மைட்டோகாண்ட்ரியாவை எடைபோடக் கூடாது. மறுபடியும் சொல்கிறேன்: சரக்கின் பெயர்!

கே: என் கையில் பச்சை நரம்பு புடைத்துத் தெரிகிறது. அதற்குள்ளும் இதெல்லாம் ஓடுமா?

ப: அது சிரை. ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கல" என்று சொல்லிப் பழகியதால் வந்த வினை. உள்ளே ஓடுவது ரத்தம்.

கே: நாய் கடித்தது காலில். வெறிநோய்க் கிருமி மூளைக்கு எப்படிப் போகிறது?

ப: நரம்பு நுனிக்குள் புகுந்து, டைனீன் இழுக்கும் திசையில் தொற்றிக்கொண்டு முதுகுத்தண்டுக்குப் போகும். அங்கிருந்து நியூரான் விட்டு நியூரான் தாவி மூளைக்கு ஏறும். முகத்தில் கடித்திருந்தால் தூரம் குறைவு. காலில் கடித்திருந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, இன்றே போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கடிதம் அப்புறம் எழுதலாம்.