காட்டுப் பொருளில் கருவி செய்தல்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வில்லின் கயிற்றைக் கோலில் சுற்றி, பலகைக் குழியில் கடைந்து தீ மூட்டப் பார்க்கிறேன். புகை வருகிறது, கங்கு விழவில்லை.

பதில்: கொட்டிய தூளைப் பாருங்கள். வெளிர் பழுப்பில் நறநறவென்றிருந்தால் அழுத்தம் போதவில்லை. கறுத்து மாவாக இருந்தால் சூடு சரி, தூள்தான் ஓரிடத்தில் குவியவில்லை. முதலில் குழி கருகும்வரை கடையுங்கள். பிறகு பலகை விளிம்பிலிருந்து குழியின் நடுவை நோக்கி ஆப்பு வடிவில் வெட்டுங்கள். வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அகலம், நடுவுக்குச் சற்று முன்பே நிற்க வேண்டும். கோல், பலகை இரண்டும் நகம் அழுத்தினால் தடம் விழும் காய்ந்த மென்மரம். கோல் கட்டைவிரல் பருமன், ஒரு சாண் நீளம், பலகை 1.5 செ.மீ. கனம். மேலே அழுத்தும் கட்டையின் குழியில் பச்சிலை வைத்தால் வழுக்கும். வில்லை நிறுத்திய பிறகும் தூள் தானாகப் புகைந்தால் கங்கு பிடித்துவிட்டது, மெதுவாக விசிறுங்கள். அரளிக் கட்டை வேண்டாம், புகையே நஞ்சு.

கேள்வி: நார்க்கயிறு திரித்தால், கையை விட்டதும் பிரிகிறது.

பதில்: ஒவ்வொரு புரியையும் வலப்பக்கம் முறுக்கி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பக்கம் சுற்றுங்கள். எதிரெதிர் முறுக்குதான் கயிற்றைப் பூட்டுகிறது. நாரை நடுவில் மடிக்காமல் மூன்றில் ஒரு பங்கில் மடியுங்கள். இல்லாவிட்டால் இரு புரிக்கும் ஒரே இடத்தில் ஒட்டு விழும், அங்கேதான் அறும். பச்சை நார் காய்ந்தால் சுருங்கித் தளரும். உலர்த்தி, நனைத்து, பிறகு திரியுங்கள்.

கேள்வி: கல்முனையைக் கோலில் ஒட்ட வேப்பம்பிசின் போதுமா?

பதில்: போதாது. வேம்பு, கருவேலம் பிசின்கள் தண்ணீரில் கரையும்; ஒரு மழையில் முனை கழன்றுவிடும். குங்கிலியம், பைன் பிசின்போல் சூட்டில் இளகுவது வேண்டும். மூன்று பங்கு பிசினுக்கு ஒரு பங்கு பொடித்த கரி. தணலோரத்தில் இளக்குங்கள், தீயில் காட்டினால் பற்றிக்கொள்ளும். ஆறியதும் சில்லாகத் தெறித்தால் தேன்மெழுகு கொஞ்சம் சேருங்கள்.

கேள்வி: எந்தக் காட்டுக்காய் தின்னலாம்?

பதில்: என் துறையல்ல. தாவரம் அறிந்தவரிடம் நேரில் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: ஈட்டி முனையைத் தீயில் வாட்டினால் உறுதியாகுமா?

பதில்: ஈரம் போய்க் கொஞ்சம் கடினமாகும். கூடவே நொறுங்கும் தன்மையும் ஏறும்.

கேள்வி: ஏற்க மாட்டேன். ஆதி வேட்டைக்காரர்கள் வாட்டித்தானே செய்தார்கள்?

பதில்: வாட்டுவதில் பெரிய லாபம் வேறு: கருகிய மரத்தைக் கல்லால் சுரண்டிக் கூராக்குவது எளிது. உறுதிக்கு, ஜெர்மனியின் ஷோனிங்கனில் 1990களில் கிடைத்த, ஆதி வேட்டைக்காரர்களின் மர ஈட்டிகளைப் பாருங்கள். தண்டின் கெட்டியான அடிப்பகுதியில் முனை எடுத்து, கூர் மென்மையான நடுச்சோற்றில் விழாதபடி ஒதுக்கிச் செதுக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் வாட்டவே கூடாதா?

பதில்: வாட்டுங்கள், கருகவிடாமல். தணலுக்கு மேலே திருப்பிக்கொண்டே பிடித்து, நிறம் பழுப்பானதும் எடுங்கள். இங்கேயும் அரளி வேண்டாம்.

கேள்வி: புகை வருகிறது, தீ வரவில்லை. என்ன செய்ய?

பதில்: முதல் பதிலிலேயே இருக்கிறது. ஆப்பு வெட்டைப் பாருங்கள்.

கேள்வி: மூங்கிலில் தண்ணீர் கொதிக்க வைக்கலாமா?

பதில்: பச்சை மூங்கிலில் வைக்கலாம். தீயில் படும் ஒவ்வொரு கணுவறைக்கும் துளை இருக்க வேண்டும். மூடிய அறை வெடிக்கும். ஆற்றுக்கல்லை அடுப்புக்கு வைக்காதீர்கள், உள்ளே ஊறிய நீர் ஆவியாகி அதுவும் வெடிக்கும்.

கேள்வி: எனக்கும் புகை மட்டும்தான் வருகிறது. அரளிக் கோல்.

பதில்: கோலைத் தூக்கி எறியுங்கள், எரிக்காதீர்கள். கையைக் கழுவுங்கள். பிறகு முதல் பதில்.