பதில்: ஏற்காட்டில் நாலு வார ரெசிடென்சி, பிள்ளைகள் சமத்துக்கு வருவதில்லை

வணக்கம். ஏற்காட்டில் நாலு வாரம் தங்கி பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரதநாட்டிய வகுப்பு, முடிவில் மேடையேற்ற ஒரு புது உருப்படி (நடனம்), ஆனால் கோர்வை, அதாவது முத்தாய்ப்பாக வரும் சொற்கட்டு, சமத்தில் (தாளச் சுற்றின் முதல் தட்டில்) வந்து விழவே மாட்டேன்கிறது என்று கேட்டிருந்தீர்கள். குறை காலில் இல்லை, கணக்கு இன்னும் வாயில் ஏறவில்லை. முதல் வாரம் கையில் தாளம், வாயில் ‘தகதிமி’ போன்ற ஜதிச்சொல் மட்டும் போதும்.

ஆதி தாளம் எட்டுத் தட்டு, சதுஸ்ர நடையில் தட்டுக்கு நாலு மாத்திரை (சிறு எண்ணிக்கை), ஆக ஒரு ஆவர்த்தனம் (சுற்று) 32 மாத்திரை. தகதிமி (4) மூன்று, தகிட (3) ஒன்று: 15. ததிங்கிணதொம் (5) மூன்று முறை, இடையிடையே ஒரு மாத்திரை விட்டு: 17. மூன்றாவது ‘தொம்’முக்குப் பிறகும் பழக்கத்தில் ஒரு மாத்திரை விடுவார்கள், சமம் நழுவுவது அங்கேதான்.

ஏற்காட்டுக் காலைக் குளிரில், சிமென்ட் தரையில் குதித்துமெட்டு (நுனிக்காலில் குதித்துக் குதிகாலைத் தட்டும் அடவு) வேண்டவே வேண்டாம், பிஞ்சு முழங்கால்கள். 15 நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, தட்டடவை (பாதத்தைத் தரையில் தட்டும் அடிப்படை அடவு) முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஆட வையுங்கள். உருப்படியையும் இந்தக் கோர்வையிலிருந்தே கட்டுங்கள்: அவர்கள் சொல்லட்டும், நீங்கள் ஆடுங்கள்.