புல், பில், புல்டோசர்

அன்புள்ள ஐயா,

பங்குச்சந்தை பற்றித் தமிழில் சிறு குறிப்புகள் எழுதி நண்பர்களுக்கு அனுப்பிவருகிறேன். காளை கொம்பால் மேலே தூக்கி எறியும், கரடி நகத்தால் கீழே அறையும், அதனால்தான் ஏறுமுகத்துக்குக் காளை, இறங்குமுகத்துக்குக் கரடி என்று எழுதியிருந்தேன். ஒரு நண்பர் அது கட்டுக்கதை என்கிறார். எது சரி? போப்பாண்டவரின் ஆணையையும் ஆங்கிலத்தில் ‘புல்’ என்கிறார்களே, அதுவும் காளைதானா? புல்டோசருக்குள் காளை எப்படிப் புகுந்தது? ஆண் திமிங்கிலத்தை ‘புல்’ என்று என் மகளின் பாடப்புத்தகத்தில் பார்த்தேன். அச்சுப்பிழையோ?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

முதலில் ஒரு சங்கடம். இந்தச் சொல்லைத் தமிழில் எழுதினால் மாடு போய் அதன் தீனி வந்து நிற்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நண்பர் சொன்னதுதான் சரி. கொம்பும் நகமும் பிற்பாடு ஒட்டவைத்த விளக்கம். லண்டன் பங்கு வணிகத்துக்குள் முதலில் வந்தது கரடி. கரடியைப் பிடிக்கும் முன்பே அதன் தோலுக்கு விலை பேசாதே என்பது ஐரோப்பியப் பழமொழி. கையில் இல்லாத பங்கை இன்றைய விலைக்கு விற்றுவிட்டு, சரிந்த பிறகு வாங்கிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவரை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரடித்தோல் வியாபாரி என்று கேலி செய்தார்கள். இன்று ‘ஷார்ட்’ போகிறவர்தான் அவர். பெயர் சுருங்கி வெறும் கரடி ஆனது. அவருக்கு நேரெதிர், காசில்லாமலே வாங்குவதாகப் பேசிவைத்து, விலை ஏறியதும் கைமாற்றிவிடுகிறவர். அவருக்கு ஏன் காளை? கரடிக்கு ஜோடியாக வந்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அன்றைய இங்கிலாந்தில் காளையையும் கரடியையும் முளையில் கட்டி நாய்களை ஏவிவிடுவது ஊர் வேடிக்கை. 1835இல்தான் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். புல்டாக் நாய்க்குப் பெயர் வந்ததும் அந்தக் களத்திலிருந்துதான்.

உங்கள் குறிப்பில் இன்னொன்றையும் திருத்துங்கள். காளையும் கரடியும் அன்று ஆட்களுக்கான பெயர்கள், சந்தைக்கு அல்ல. 1720இல் சவுத் ஸீ கம்பெனி என்ற ஆங்கிலேய வணிக நிறுவனத்தின் பங்கு 1,000 பவுண்டு வரை ஏறி, அந்த ஆண்டு முடிவதற்குள் தரையில் விழுந்தது. அந்த அமளியில்தான் இரண்டு பெயரும் எல்லார் வாயிலும் புழங்கத் தொடங்கின. அதே ஆண்டில் அலெக்சாண்டர் போப் (கவிஞர், பாண்டவர் அல்ல) காளை உருவில் யூரோப்பாவைக் கவர்ந்துபோன கிரேக்கக் கடவுளை இழுத்துவந்து இதை வைத்துச் சிலேடை பாடியிருக்கிறார்.

போப்பாண்டவரின் ஆணைக்கும் மாட்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. லத்தீனில் ‘புல்லா’ என்றால் நீர்க்குமிழி. பிறகு உருண்டையான பொருளுக்கும், ஆணையின் கயிற்றில் தொங்கும் ஈய முத்திரைக்கும் அதுவே பெயரானது. முத்திரையின் ஒரு பக்கம் இராயப்பர் (பேதுரு), சின்னப்பர் (பவுல்) முகங்கள், மறுபக்கம் அப்போதைய போப்பின் பெயர். முத்திரையின் பெயர் தாளுக்கு ஆகிவந்துவிட்டது. 1520 டிசம்பரில் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் தீயில் போட்டது இப்படியோர் ஆணையைத்தான். புல்லட்டின், துப்பாக்கிப் புல்லட், ஹோட்டலில் கை கழுவிவிட்டு வந்ததும் மேஜையில் இருக்கும் பில், எல்லாம் இந்தக் குமிழியின் வாரிசுகளே.

புல்டோசரில் இருப்பது நிஜக் காளைதான், ஆனால் இயந்திரத்தின் பலத்தைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. 1876, அமெரிக்காவில் அதிபர் தேர்தல். அடிமைத்தளை நீங்கிய கறுப்பின ஆண்கள் வாக்குரிமை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர்களில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சியின் பக்கம். லூசியானாவில் வெள்ளையர் கும்பல்கள் அவர்களை மிரட்டின, சாட்டையால் விளாசின, கொலையும் செய்தன. அந்தச் சாட்டையடிக்கு வைத்த பெயர் ‘புல் டோஸ்’, அதாவது காளைக்குத் தாங்குகிற அளவு மருந்து. மேனேஜரிடம் டோஸ் வாங்கினேன் என்கிறோமே, அதே டோஸ். அடித்தவன் புல்டோசர். அந்தத் தேர்தலில் லூசியானா உட்படச் சில மாநிலங்களின் முடிவு தகராறாகி, கடைசியில் குடியரசுக் கட்சியின் ஹேய்ஸ், மாநிலங்களின் தேர்வாளர் குழு வாக்குகளில் 185க்கு 184 என்று ஒரே வாக்கில் அதிபரானார். பத்திரிகைகளில் அடிபட்ட சொல் அதற்குள் நாடு முழுக்கப் பரவியிருந்தது. பிறகு அடாவடி செய்கிற எவனும் புல்டோசர். டிராக்டரின் முன்னால் இரும்புத் தகட்டை மாட்டி மண்ணைத் தள்ளும் வண்டிக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது 1930 வாக்கில். அடாவடி அரசியல்வாதியைப் புல்டோசர் என்றால் இயந்திரத்தை வைத்து உவமை சொல்வதாக நினைக்கிறோம். உண்மையில் ஆளின் பெயரைத்தான் இயந்திரம் எடுத்துக்கொண்டது.

மகளின் புத்தகத்தில் பிழை ஏதுமில்லை. ‘புல்’ முதலில் பொலிகாளை. காயடித்த வண்டிமாடு ‘புல்லக்’ என்று தனியாகப் பிரிந்துவிட்டது. பிறகு யானை, திமிங்கிலம், கடல்சிங்கம், முதலை வரை ஆணுக்கு அதே பெயரை நீட்டிக்கொண்டார்கள். நமக்கு இது புதிதில்லை. தொல்காப்பிய மரபியல் ஏறு என்ற பெயரை மாட்டோடு விடாமல் பன்றி, எருமை, மான் வகைகள் என்று கொடுத்துக்கொண்டே போய், ‘கடல்வாழ் சுறாவும் ஏறெனப் படுமே’ என்று கடலிலும் இறங்கிவிடுகிறது. திமிங்கிலம்தான் அந்தப் பட்டியலில் இல்லை.