காரில் எல்லாமே டச் ஸ்கிரீன்: வாங்கலாமா?

கேள்வி: பத்து வருஷமாக ஓட்டும் காரை மாற்றலாம் என்று பார்க்கிறோம். பிடித்த மாடலில் ஏசி, பிளோயர், பாட்டுச் சத்தம் எல்லாம் திரைக்குள் போய்விட்டன. "ரெண்டு நாள்ல கை பழகிடும் சார்" என்கிறார் சேல்ஸ்மேன். அறுபதைத் தாண்டிய அப்பாவும் ஓட்டுவார். நிஜமாகவே பழகிவிடுமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: எது எங்கே இருக்கிறது என்பது பழகிவிடும். பார்க்காமல் தொடுவதுதான் வராது. வழவழப்பான கண்ணாடியில் விரலுக்குத் தட்டுப்பட என்ன இருக்கிறது?

ஸ்வீடனில் வெளிவரும் 'வி பீலாகரே' என்ற கார் பத்திரிகை 2022-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. 11 புதுக் கார்கள், கூடவே 2005 மாடல் வோல்வோ வி70 ஒன்று. ஆளில்லாத விமான ஓடுதளத்தில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே ஹீட்டரைக் கூட்டுவது, ரேடியோ ஸ்டேஷன் வைப்பது என நாலு வேலைகளைச் செய்ய வேண்டும். பட்டனும் சுற்றித் திருப்புகிற திருகுமாக இருந்த பழைய வோல்வோவில் 10 வினாடியில் முடிந்தது. அதற்குள் கார் 306 மீட்டர் போயிருந்தது. கடைசி இடம் பிடித்த எம்ஜி மார்வல் ஆர் காரில் 44.9 வினாடி, 1,372 மீட்டர். இதில் உங்கள் சேல்ஸ்மேன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: ஓட்டியவர்களுக்கு ஒவ்வொரு காரையும் பழகிக்கொள்ள நேரம் கொடுத்த பிறகுதான் சோதனையே ஆரம்பமானது.

உங்கள் ஊருக்கே வருவோம். வால்பாறை மலைப்பாதையில் மழை பிடித்துக்கொள்கிறது, முன் கண்ணாடி உள்பக்கமாக மங்குகிறது. திருகு இருந்தால் இடது கை தானாகக் கீழே போகும்; கடைசி வரை திருகினால் 'டக்'கென்று நிற்கும், காற்று கண்ணாடிக்குப் போய்விடும். கண் ரோட்டிலேயே இருக்கும். திரை என்றால் முதலில் மேப்பை விட்டு வெளியே வர வேண்டும், ஏசி பக்கத்தைத் திறக்க வேண்டும், கண்ணாடிப் படம் போட்ட ஐகானைத் தேட வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளத்தில் கார் குலுங்கினால் விரல் பக்கத்து ஐகானில் விழும். மறுபடி முதலிலிருந்து. கொண்டை ஊசி வளைவு அதுவரை காத்திருக்காது. அப்பாவுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கத் தனிக் கண்ணாடி வேண்டியிருந்தால் சிக்கல் இன்னும் கூடும். தூரத்து ரோடும் பக்கத்துத் திரையும் அவருக்கு ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரியாது.

திரையே வேண்டாம் என்று சொல்லவில்லை. மேப்புக்கும் ரிவர்ஸ் கேமராவுக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஏசி குளிர், பிளோயர், முன் கண்ணாடி மங்கலைப் போக்கும் டிஃபாக், சத்தம், ஹசார்டு லைட் ஆகிய ஐந்துக்காவது கையில் படுகிற பட்டனோ திருகோ இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இவற்றில் மூன்று திரைக்குள் இருந்தால் நான் அடுத்த ஷோரூமுக்குப் போய்விடுவேன்.

டெஸ்ட் டிரைவை உச்சி வெயிலில் கேளுங்கள். ஏசி ஷோரூமுக்குள் பளபளக்கும் திரை வெளியில் வேறு மாதிரி தெரியும். ஓரமாக நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு குளிரைக் கூட்டிப் பாருங்கள். போனைத் திரையோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் மேப் ஓடும்போதும் ரிவர்ஸ் கியர் விழுந்திருக்கும்போதும் ஏசியைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். அப்பாவையும் கட்டாயம் ஓட்ட வையுங்கள். பட்டன் மாதிரியே தெரியும் கறுப்புப் பலகைகளிலும் ஏமாற வேண்டாம். பல கார்களில் அதுவும் தொடுபலகைதான்.

இன்னொன்று, டாப் எண்ட்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். ஃபோக்ஸ்வாகன் வெர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா வெளிவந்தபோது மேல் வேரியண்ட்களில் ஏசிக்குத் தொடுபலகை, கீழ் வேரியண்ட்களில் திருகு. கூடக் காசு கொடுத்தவருக்குத்தான் கூடத் தொல்லை!

கேள்வி: வெளிநாட்டில் பட்டன்கள் திரும்பி வருகின்றனவாமே? அதுவரை காத்திருக்கலாமா?
– வாசகி, கரூர்

பதில்: வருகின்றன. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையில் படுகிற தனிப் பட்டனோ பிடியோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்கிறது. இது சட்டம் இல்லை, நட்சத்திர மதிப்பீடு. நம்மை அன்றாடம் படுத்துகிற ஏசியும் சத்தமும் அந்த ஐந்தில் இல்லை என்பதையும் கவனியுங்கள். அவற்றுக்கும் ஹசார்டுக்கும் இனி எல்லா மாடல்களிலும் பட்டன் வைப்போம் என்று ஃபோக்ஸ்வாகனின் டிசைன் தலைவர் ஆண்ட்ரியாஸ் மிண்ட் 2025-இல் சொல்லியிருக்கிறார். நம் நாட்டில் 2023 அக்டோபரில் தொடங்கிய இதே மாதிரி மதிப்பீடான பாரத் என்கேப், மோதலில் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகிறது என்று பார்க்கவே வகுக்கப்பட்டது. பட்டனுக்கு அதில் மதிப்பெண் வைக்கவில்லை.

கம்பெனிகளுக்குத் திரை லாபம். ஒவ்வொரு பட்டனுக்கும் அச்சு, ஒயர், சோதனை என்று செலவு உண்டு. திரையில் ஒரு ஐகான் சேர்க்க மென்பொருள் போதும். அதனால் இங்கே சீக்கிரம் மாறும் என்று நம்பி உட்கார வேண்டாம். பட்டன் உள்ள கார்கள் இப்போதும் கிடைக்கின்றன, அவற்றில் ஒன்றை வாங்குங்கள்.

கேள்வி: வாரண்டி முடிந்த நான்காவது மாதம் கார் திரை கறுப்பாகிவிட்டது. கேமராவும் இல்லை, ஏசியையும் மாற்ற முடியவில்லை. முழு யூனிட்டையும் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை கேட்கிறார்கள்.
– வாசகர், விருதுநகர்

பதில்: உடனே பணம் கட்டாதீர்கள். மென்பொருளை மறுபடி ஏற்றிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஜாப் கார்டிலும் எஸ்டிமேட்டிலும் கோளாறு என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். டீலரோடு நிற்காமல் கம்பெனிக்கே மெயில் போட்டு, வாரண்டி முடிந்து சில மாதம்தான் ஆகிறது, செலவில் பங்கு ஏற்க வேண்டும் என்று கேளுங்கள். பல சமயம் இறங்கி வருவார்கள். 2021-இல் அமெரிக்காவில் டெஸ்லா சுமார் 1,35,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது இதே மாதிரி விஷயத்துக்குத்தான்: 8 ஜிபி மெமரி சிப் தேய்ந்து திரை செத்துப்போனது, கேமராவும் டிஃபாகும் சேர்ந்தே போயின. அதாவது, இதை வெறும் பாட்டுப் பெட்டிக் கோளாறு என்று தள்ளிவிட அவர்களை விடாதீர்கள்.

மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. கார் வாங்கிய விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் கட்டணம் 200 ரூபாய்தான்.

கேள்வி: டச் ஸ்கிரீன் வைத்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எப்படி?
– வாசகி, ஓசூர்

பதில்: உங்கள் ஊரில் தயாராகும் ஏதர் 450எக்ஸிலும், போச்சம்பள்ளியில் தயாராகும் ஓலா எஸ்1 ப்ரோவிலும் 7 அங்குலத் திரை இருக்கிறது. ஸ்கூட்டரில் லைட், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் கைப்பிடியிலேயே இருப்பதால் கார் அளவுக்குப் பயமில்லை. ஆனால் மழைத்துளி விழுந்தாலே விரல் பட்டதாகத் திரை நினைத்துக்கொள்ளலாம், சாதாரணக் கையுறை போட்டால் விரல் பட்டதே அதற்குத் தெரியாது. மேப்பைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். ரைடிங் மோடு மாற்றக் கைப்பிடியில் பட்டன் இருக்கிறதா என்பதை மட்டும் வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.