கல்யாணம் வரைக்கும்தானா பியானோ?

கேள்வி: என் மகள் கிழமைக்கு இரண்டு நாள் பியானோ படிக்கப் போகிறாள். "கல்யாணம் முடிக்கும் மட்டும்தானே இந்தக் கூத்தெல்லாம்" என்கிறார் மாமியார். 1800களிலேயே பியானோ கச்சேரி செய்து குடும்பத்தைப் பார்த்த பெண் ஒருவர் இருந்தாராமே, உண்மையா?
– ஒரு தாய், கல்லடி

பதில்: உண்மைதான். ஜேர்மனியின் லைப்சிக் நகரில் 1819இல் பிறந்த கிளாரா ஷூமன். (மட்டக்களப்பில் கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம், அதனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் கோட்டைக்குள் ஃபைலோடு அலைந்த ஞாபகம்தான் முதலில் வரும், இது வேறு கச்சேரி.) அப்பா பியானோ வாத்தியார், ஆள் கடும் கண்டிப்பு. 9 வயதில் மேடை, 11 வயதில் தனிக் கச்சேரி, 18 வயதில் வியன்னா அரசவையின் விருது.

அப்பாவின் மாணவர் ரொபர்ட் ஷூமனைத்தான் கட்டுவேன் என்று நின்றார், அப்பா விடவில்லை, விஷயம் கோர்ட் வரை போய் 21ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகுதான் உங்கள் மாமியார் சொல்கிற சிக்கலே ஆரம்பம். கணவர் இசை எழுதும் நேரத்தில் இவர் பியானோவைத் தொட முடியாது, சத்தம் சுவரைத் தாண்டிப் போய்விடும். அதற்குள் 14 வருடத்தில் எட்டுப் பிள்ளைகள். இத்தனைக்கும் நடுவில் 1844இல் ரஷ்யா போய் வாசித்துவிட்டு வந்தார். கூடப் போன கணவர் வழியிலேயே நோயில் விழுந்தார். நான் கொழும்புக்கு இரவு ரயிலில் போய் வந்தாலே இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுப்பேன், அவர் போனது குதிரை வண்டிக் காலத்தில்!

1854இல் ரொபர்ட் மனநோயால் ஆற்றில் குதித்தார். காப்பாற்றி மருத்துவமனையில் சேர்த்தார்கள். அப்போது கிளாராவின் வயிற்றில் கடைசிப் பிள்ளை. ஜூனில் பிரசவம், அந்த இலையுதிர் காலத்திலேயே திரும்பவும் மேடை. வேறு வழி? ஒரு பிள்ளை முன்பே இறந்துபோக மிஞ்சியது ஏழு பிள்ளைகள், சம்பாதிக்க இவர் ஒருத்தர். 1856இல் கணவர் இறந்த பிறகு பிள்ளைகளை உறவுக்காரரிடமும் விடுதிகளிலும் விட்டுவிட்டு, ஒவ்வொரு குளிர்காலமும் ஊர் ஊராக வாசித்தார், இங்கிலாந்துக்கு மட்டும் எத்தனையோ முறை. பிள்ளைகளுக்கு அது சுகமாக இருந்திருக்காது, அதை மறைத்து உங்களுக்குக் கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்று. தாளைப் பார்க்காமல் மனப்பாடமாக வாசிப்பது அந்தக் காலத்தில் திமிர் என்று பேசப்பட்டது. இவர் அதைச் செய்துகொண்டே இருந்தார், இன்றைக்கு அதுதான் வழக்கம். இவருடைய 1300க்கும் மேற்பட்ட கச்சேரிகளின் நிகழ்ச்சி நிரல்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. கடைசிக் கச்சேரி 1891இல் பிராங்பேர்ட்டில், வயது 71.

அப்புறம், யூரோ வருவதற்கு முன் ஜேர்மனியின் 100 மார்க் நோட்டில் இருந்தது இவர் முகம், பின்பக்கம் பியானோ. மாமியாரிடம் முதலில் அந்த நோட்டைப் பற்றிப் பேச்செடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.