ஜப்பானிய ஓவியர் ஹருநொபுவின் மரக்கட்டை அச்சுப் படத்தில் மாத எண்கள் எங்கே?

மழைக்குப் பயந்து ஒரு பெண் துணி எடுக்க ஓடும் இந்தப் படம் ஒரு காலண்டரும்கூட: பழைய நிலவுக் கணக்கில் எந்தெந்த மாதம் 30 நாள் என்பதை எண்களாக ஒளித்திருக்கிறது. அந்தப் பெண்ணின் உடையில் தேடாதீர்கள். எண்கள் துணிக்கொடியில் தொங்கும் கிமோனோ என்ற ஜப்பானிய அங்கியில், துணி வேலைப்பாடு போலக் கலந்திருக்கும்.

அங்கும் வெறும் கோலம்தான் என்றால் உங்களுடையது பெரும்பாலும் பிற்பதிப்பு. 1765 புத்தாண்டுக்கு நண்பர் வட்டத்தில் பரிமாறிய இத்தகைய அச்சுகளைக் கடைக்கு விடும்போது மரக்கட்டையிலிருந்து எண்களைச் செதுக்கி நீக்கிவிடுவார்கள். போன வருஷக் காலண்டரை யார் வாங்குவார்?

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எண்கள் ஜப்பானிய எழுத்தில் இருக்கும். இரண்டு படுக்கைக்கோடு 2, மூன்று என்றால் 3. கூட்டல் குறி 10. கூரைபோல் விரியும் இரு கீற்று 8. அந்த ஆண்டின் 30 நாள் மாதங்கள் 2, 3, 5, 6, 8, 10. மற்ற ஆறும் 29 நாள். மொத்தம் 354. நீங்கள் கண்டுபிடித்தவற்றை வைத்துக் கூட்டி 354 வரவில்லையா, ஏதோ ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது.

வேறு அச்சுகளில் இதே கணக்கைப் போடாதீர்கள். சிலவற்றில் 29 நாள் மாதங்களைத்தான் ஒளித்திருப்பார்கள். கூடுதலாக ஒரு மாதம் சேர்க்கும் ஆண்டில் மாதமே 13.

எண் இருப்பதாலேயே அசல் என்றும் முடிவுகட்ட வேண்டாம். மரக்கட்டையைப் புதிதாகச் செதுக்கி எடுத்த பிற்கால அச்சுகளிலும் எண் உண்டு. தாளைக் கையில் வாங்கிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.